மூச்சற்றுக் கிடப்பவருக்கே முதல் உதவி

புதுக்கோட்டை மாவட்டத்துச் செம்மண் கொல்லைகளில் நிலக்கடலை ஆண்டில் இரு முறை பறிப்புக்கு வருகிறது. வானம் பார்த்த நிலத்தில் ஆனி ஆடியில் விதைத்தது புரட்டாசியை ஒட்டி முற்றும். கிணற்று நீரைக் கொண்டு மார்கழியில் விதைத்தது பங்குனி சித்திரையில் கைக்கு வரும். இவ்விரு பறிப்புக் காலங்களும் இடிமழை மிகுந்த காலங்களாகவே அமைந்துவிட்டமை இம்மாவட்டத்து உழைப்பாளிகளின் துரதிருஷ்டம் என்றுதான் கொள்ள வேண்டும். பகலெல்லாம் காய்ந்த நிலத்தின்மேல் எழும் வெப்பக் காற்றும், பிற்பகலில் மணமேல்குடி, மீமிசல் கரையோரத்திலிருந்து உள்நாட்டுக்குள் நுழையும் கடற்காற்றின் ஈரமும் கலந்து, மூன்று நான்கு மணிக்கெல்லாம் கருமேகத்தை வானளாவ உயர்த்திவிடுகின்றன. அந்த வேளையில்தான் கொல்லையிலே இருபது முப்பது பெண்கள் வரிசையாகக் குனிந்து செடி பிடுங்கிக்கொண்டோ, பிடுங்கிய செடியைக் குவித்துக் காய் ஆய்ந்துகொண்டோ இருப்பார்கள். மேற்கே முதல் இடி முழங்கினாலும், பறித்த காய் நனைந்துவிடுமே, இன்னும் இரண்டு பாத்திதானே மிச்சம், முடித்துவிட்டே போய்விடலாம் என்ற எண்ணமே மேலோங்கும்.

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கறம்பக்குடிப் பகுதியில் இப்படிக் கடலை பறிக்கச் சென்றிருந்த பெண்களிடையே மின்னல் தாக்கி நால்வர் மாண்டதும், உடனிருந்தோர் பலர் காயமுற்றதும் அப்போது செய்தித்தாள்களில் வெளிவந்தன. அதற்கு முன்னும் பின்னும் இம்மாவட்டத்தில் ஆடு மேய்க்கப் போனவர்கள், வயலில் நின்றவர்கள் என ஒருவர் இருவராக மடிந்த செய்திகள் அநேகம். இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் மின்னலால் இறந்தவர்கள் 2,887 பேர். வெள்ளமும் புயலும் வெயிலும் உள்ளிட்ட இயற்கைச் சீற்றங்களால் நேர்ந்த மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒன்றால் நேர்ந்தது. புயலுக்குப் பெயர் சூட்டி நாட்கணக்கில் பேசுகிற நாம், ஒவ்வொரு கிராமத்திலும் தனித்தனியே விழுந்து உயிர் குடிக்கும் இந்த ஆபத்தைப் பற்றி ஒரு நாளைக்கு மேல் பேசுவதில்லை.

மின்னல் தாக்கியோரில் பத்தில் ஏறத்தாழ ஒருவர்தாம் இறக்கின்றனர் என்பது மருத்துவர்களின் மதிப்பீடு. அந்த ஒருவரிலும் காப்பாற்றக்கூடியவர் உண்டு. அவரைக் காப்பாற்றும் சக்தி பெரும்பாலும் நகரத்து ஆஸ்பத்திரியிடம் இல்லை. அவர் விழுந்த கணத்தில் பத்தடி தூரத்தில் நின்றவரின் இரண்டு கைகளிடம் இருக்கிறது. இக்கட்டுரையின் நோக்கம் அந்தக் கைகளுக்கு வேலை இன்னதென்று சொல்வதே. ஆயினும் செய்வதன் காரணம் விளங்கினாலன்றிச் செய்யத் துணிவு பிறவாது. ஆகையால் மின்னல் மனித உடலை வந்தடையும் வழிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

நீர் உறையும் நிலைக்கு வெகு கீழான குளிர் நிலவும் மேகத்தின் நடுப்பகுதியில், நுண்ணிய பனிப்படிகங்களும் அவற்றினும் பருத்த பனித்துகள்களும் ஓயாமல் மோதிக்கொள்கின்றன. மோதலில் மின்னூட்டம் கைமாறுகிறது. இலேசான படிகங்கள் நேர்மின்னோடு மேலே ஏறிவிட, கனத்தவை எதிர்மின்னோடு கீழ்ப்பாதியில் தங்குகின்றன. இந்தப் பிரிவினை ஓர் எல்லையைக் கடந்ததும், மேகத்தின் அடிப்பகுதியிலிருந்து எதிர்மின் ஏறக்குறைய ஐம்பது மீட்டர் நீளமுள்ள படிகளாகத் தாவித் தாவி, கிளை பல விட்டு, தரையை நோக்கி இறங்குகிறது. அது அருகே வரவர, தரையில் உயர்ந்து நிற்கும் எல்லாவற்றிலிருந்தும், பனையின் உச்சியிலிருந்தும் மின்கம்பத்திலிருந்தும் நிமிர்ந்து நிற்கும் மனிதனின் தலையிலிருந்தும், நேர்மின் இழைகள் மேல்நோக்கி எழுகின்றன. அவற்றுள் ஒன்று இறங்கி வருவதைத் தொட்ட கணத்தில் பாதை முழுமையடைந்து, சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவிலான மின்னோட்டம் பாய்கிறது. பாதையிலுள்ள காற்று சூரியனின் மேற்பரப்பைப் போல் ஐந்து மடங்கு சூடேறி வெடித்து விரிவதே இடி. ஒரே மின்னலில் இந்தப் பாய்ச்சல் மூன்று நான்கு முறை அதே வழியில் நிகழ்வது சகஜம். விழுந்த இடத்தில் மறுபடி விழாது என்று ஊரில் சொல்வதற்கு ஆதாரம் ஏதுமில்லை.

மின்னல் நேரே தலையில் இறங்குவது அபூர்வம். அதனினும் பன்மடங்கு நிகழ்வன இரண்டு. ஒன்று, மரத்தில் இறங்கிய மின்சாரம் பாதி வழியில் அம்மரத்தை விட்டு, அதனடியில் ஒதுங்கி நிற்பவரின் உடலுக்குத் தாவுவது. ஈரமரத்தைவிட உப்புநீர் நிறைந்த மனித உடல் அதற்குச் சுலபமான வழி. மற்றொன்று, தரையில் இறங்கிய மின்சாரம் நாலா புறமும் பரவிச் செல்வது. பரவுகையில் மின்னழுத்தம் அடிக்கு அடி குறைந்துகொண்டே போகும். ஆகவே அகட்டி நிற்பவரின் ஒரு கால் ஓர் அழுத்தத்திலும் மறுகால் வேறோர் அழுத்தத்திலும் இருக்க, ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே இறங்குகிறது மின்சாரம். மின்னலால் நேரும் சாவுகளிலும் காயங்களிலும் ஏறத்தாழப் பாதி இவ்விதம் தரைவழி வந்தவை என்று இத்துறையில் ஆராய்ந்தோர் கணிக்கின்றனர். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி மிகுந்த ஆடுமாடுகளுக்கோ இது இன்னும் கொடியது. அவற்றின் இருதயம் அந்த வழியின் நடுவிலேயே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நார்வே தேசத்து ஹார்டாங்கர்விட்டா பீடபூமியில், இடிமழைக்கு அஞ்சி ஒன்றோடொன்று நெருங்கி நின்ற பனிமான்கள் 323 ஒரே சமயத்தில் மடிந்து கிடந்தன. மழைக்குப் பயந்து ஒரு புளியமரத்தடியில் பத்துப் பேர் நெருங்கி நின்றால் பத்துப் பேரும் ஒருசேர விழுவது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

இனி, விழுந்தவரின் உடலுக்குள் நேர்வதைப் பார்ப்போம். வீட்டு மின்சாரம் பிடித்துக்கொண்டால் விநாடிக்கணக்கில் உடலுக்குள் ஓடித் தசையையும் எலும்பையும் வேகவைத்துவிடுகிறது. மின்னலோ விநாடியின் மிகச் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுகிறது. அதிலும் பெரும்பகுதி உடலுக்குள் புகாமல் தோலின்மேல் வழிந்தோடிவிடுகிறது. மழையிலும் வியர்வையிலும் நனைந்த சேலை, அந்த ஈரம் ஒரே கணத்தில் ஆவியாவதால் கிழிந்து சிதறலாம். செருப்பு தெறித்துப் போகலாம். தாலிச் சங்கிலியும் கொலுசும் கிடந்த இடத்தில் தோல் தீய்ந்திருக்கலாம். நகை மின்னலை இழுத்தது என்று அதைப் பார்த்து ஊரார் சொல்வர். இழுத்ததன்று, இருந்த இடத்தில் சூடேறியது, அவ்வளவே. பார்க்கப் பயங்கரமான இந்தத் தீக்காயங்கள் பெரும்பாலும் மேலோட்டமானவை. ஆபத்து அங்கே இல்லை. மார்புக்கூட்டினுள்ளும் மூளையின் அடிப்பாகத்திலும் இருக்கிறது.

உடலுக்குள் புகுந்த சிறு பங்கு மின்சாரம் இருதயத்தின் தசை முழுவதையும் ஒரே கணத்தில் சுருங்கச் செய்து நிறுத்திவிடுகிறது. அதே கணத்தில், சுவாசத்தை நடத்தும் மூளையின் அடிப்பகுதியையும் அது செயலற்றதாக்குகிறது. ஆனால் இருதயத்துக்குத் தானாகவே துடிப்பை எழுப்பிக்கொள்ளும் இயல்பு உண்டு. ஆகையால் நின்ற இருதயம் பல சமயங்களில் சற்று நேரத்துக்கெல்லாம் தானே மீண்டும் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. சுவாச மையம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் விழிப்பதில்லை. மூச்சு இல்லை, மூச்சு இல்லாததால் ரத்தத்தில் பிராணவாயு இல்லை, திரி ஏற்றியும் எண்ணெய் வார்க்கப்படாத விளக்கைப் போல் அந்த இருதயம் சில நிமிஷங்கள் துடித்துவிட்டு, இரண்டாம் முறை நின்றுபோகிறது. இந்த இரண்டாம் நிறுத்தத்திலிருந்து மீள்வது மிகக் கடினம். முதல் நிறுத்தத்துக்கும் இரண்டாவதற்கும் இடையிலுள்ள அந்தச் சில நிமிஷங்களில் பக்கத்திலிருப்பவர் அவருக்காக மூச்சுவிட்டால், தன் மூச்சு திரும்பும்வரை அந்த ஜீவன் நிலைக்க வழியுண்டு.

இவ்வுண்மையை உலகுக்கு எடுத்துரைத்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மருத்துவப் பெருமாட்டி ஹெலன் டாஸிக். பிறவியிலேயே இருதயக் குறைபாட்டால் உடல் நீலம் பாரித்த குழந்தைகளுக்கு மறுவாழ்வு அளித்த சிகிச்சைக்கு வழிகாட்டியவர் என்று உலகம் அவரை அறியும். மின்னலால் நேரும் 'மரண'த்தைப் பற்றியும், அதிலிருந்து மீண்டு வாழும் சாத்தியத்தைப் பற்றியும் 1968-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்; மரணம் என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் இட்டதிலேயே அவருடைய கருத்து அடங்கியிருந்தது. அவர் பணிபுரிந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிலையத்திலேயே அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே நின்ற இருதயத்தின் வேலையை நடத்தலாம் என்ற முறை 1960-இல் வெளியாகியிருந்தது. அதைக் கண்டவர்கள் மூவரில் மூத்தவரான கூவன்ஹோவன் மருத்துவரே அல்லர், மின்பொறியாளர். மின்கம்பியில் வேலைசெய்யும் தொழிலாளிகள் மின்சாரம் தாக்கி மடிவதைத் தடுக்க வழி தேடியதே அவரது ஆராய்ச்சியின் தொடக்கம். வாயோடு வாய் வைத்து மூச்சளிக்கும் முறையைப் பீட்டர் ஸஃபார் என்னும் மருத்துவர் பரீட்சித்து நிலைநாட்டியதும் அதே பால்டிமோரில்தான். மின்சாரத்தால் சாகும் தொழிலாளியை எண்ணிப் பிறந்த அந்த வித்தை, கறம்பக்குடிக் கொல்லையில் விழும் தொழிலாளிக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை என்பது நினைக்க நினைக்க நெஞ்சை உறுத்துகிறது.

வந்து சேராமைக்கு முதற் காரணம் ஓர் அச்சம். இடி விழுந்தவர் உடம்பில் மின்சாரம் தேங்கி நிற்கும், தொட்டால் தொட்டவரையும் அடிக்கும் என்ற நம்பிக்கையால், கூட இருந்தவர்களே எட்டி நின்று கூக்குரலிடுவதைக் காண்கிறோம். மின்னல் தாக்கிய உடலில் துளி மின்சாரமும் தங்குவதில்லை. அக்கணமே தாராளமாகத் தொடலாம். அறுந்து விழுந்த மின்கம்பி அருகில் கிடந்தால் மட்டுமே நெருங்கக் கூடாது. அது மின்னலன்று, மின்வாரியத்து மின்சாரம். சத்தீஸ்கர், ஜார்க்கண்டு போன்ற பகுதிகளில் இடி விழுந்தவரைக் கழுத்தளவு சாணத்தில் புதைக்கும் வழக்கமும் உண்டு. மின்சாரத்தைச் சாணம் உறிஞ்சிவிடும் என்பது எண்ணம். உறிஞ்சுவதற்கு உடலில் ஏதும் இல்லை. மூச்சு நின்ற மார்பின்மேல் பாரம் ஏறுவதும், கிடைத்தற்கரிய நிமிஷங்கள் கழிவதுமே மிச்சம். வாயில் தண்ணீர் ஊற்றுவது நம் பக்கத்து வழக்கம்; பிரக்ஞையற்றவர் வாயில் ஊற்றிய நீர் சுவாசப்பைக்குள் போய்விடும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. விழுந்தவரின் தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட வேண்டும். பதிலில்லையெனில் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பத்து விநாடிக்குள் பார்த்துவிட வேண்டும். எப்போதோ ஒருமுறை வாய் திறந்து திணறுவது மூச்சாகாது. ஒருவர் 108-ஐ அழைத்து, கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைக்கட்டும். மழையில் ஊறிய கொல்லை மண்ணில் வைத்து அழுத்தினால் உடல் மண்ணுக்குள் அமிழுமேயன்றி மார்பு அமுங்காது. ஆகையால் இருவர் சேர்ந்து அவரைக் கெட்டியான வண்டித்தடத்துக்கோ களத்துக்கோ தூக்கி வந்து மல்லாக்கக் கிடத்த வேண்டும். மரத்தடியிலேயே விழுந்திருந்தால் அங்கிருந்து அப்புறப்படுத்துவது உதவுவோரின் பாதுகாப்புக்கும் அவசியம். பனையிலிருந்து விழுந்தவர்போல் உயரத்திலிருந்து வீழ்ந்தவரானால் மட்டும் கழுத்து அசையாமல் ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு பக்கத்தில் மண்டியிட்டு, மார்பின் நடுவே, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, அதன்மேல் மறுகையைக் கோத்து, முழங்கை மடங்காமல், தோளின் பாரம் நேரே இறங்கும்படி அழுத்த வேண்டும். ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத, ஆறுக்கு மேற்படாத ஆழம். நிமிஷத்துக்கு 100 முதல் 120 வரை வேகம். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுதும் மேலெழ விட வேண்டும். முப்பது முறை அழுத்தியபின் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் பொருத்தி, மார்பு எழும்புவது கண்ணில் படும்படி இருமுறை ஊத வேண்டும். மீண்டும் முப்பது, மீண்டும் இரண்டு. சிறு பிள்ளையாயின் ஒரு கை போதும். மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். விலா எலும்பு நொறுங்கும் ஓசை கேட்டாலும் நிறுத்தக் கூடாது. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். ஏனெனில் எவ்வளவு பலசாலிக்கும் அதற்குமேல் கை தளர்ந்து அழுத்தம் குறைந்துவிடுகிறது. நாடி பார்க்கப் பழகியவர் நாடி ஓடுகிறது, மூச்சுதான் இல்லை என்று கண்டால், அழுத்துவதை விட்டு ஆறு விநாடிக்கு ஒருமுறை மூச்சு மட்டும் ஊதலாம். மற்ற வகை இருதய நிறுத்தங்களில் வாய்மூச்சு அளிக்கத் தயங்குவோர் அழுத்தினால் மட்டுமே போதும் என்று சொல்லப்படுவதுண்டு. மின்னலில் எளிதில் மீளாமல் நின்றுபோவது சுவாசமே ஆகையால் மூச்சு ஊதுவதை இயன்றவரை விடலாகாது.

இவ்விடத்தில் நம் கிராமங்களுக்குரிய ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் பேசியாக வேண்டும். விழுந்து கிடப்பது ஒரு பெண்ணாயின், அவள் மார்பில் கைவைக்கவும் வாயோடு வாய் வைக்கவும் ஆண்பிள்ளைகள் கூசி நிற்கிறார்கள். மற்றப் பெண்களுக்கோ முறை தெரியாது. கூச்சத்துக்குக் கொடுக்கும் விலை ஓர் உயிர். கடலைக் கொல்லையிலும் நூறு நாள் வேலையிலும் கூடி உழைப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஆகையால் மகளிர் சுயஉதவிக் குழுக்களில் கடன் கணக்கு எழுதும் நாளிலேயே ஓர் அரைமணி நேரம் இந்த அழுத்தலையும் ஊதலையும் தலையணை வைத்தாவது பழகிக்கொள்வது எல்லாவற்றினும் முதன்மையானது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பலர் ஒருங்கே விழுந்திருந்தால் யாரிடம் முதலில் ஓடுவது? பேருந்து விபத்தில், உயிர் இருப்பவரைக் கவனித்துவிட்டு, உயிர்ப்பின் அடையாளமே இல்லாதவரைக் கடைசியாக விடுவது உலகவழக்கு. மருத்துவர்களும் அவ்வாறே செய்வர். மின்னலில் இந்த முறை தலைகீழாக வேண்டும். முனகுகிறவர், அழுகிறவர், கால் வரவில்லை என்று கதறுகிறவர் எல்லாரும் மூச்சுவிடுகிறவர்கள். மின்னல் தாக்கியபின் மூச்சோடு இருப்பவரின் இருதயம் பிற்பாடு நின்றுபோவது மிக அரிது. கூச்சலிடாமல், அசையாமல், நீலம் பாரித்துக் கிடப்பவரே காத்திருக்க முடியாதவர். கண்பாவை அகன்று அசைவற்று நிற்பதைப் பார்த்துப் போய்விட்டார் என்று முடிவு கட்டக் கூடாது. மின்னல் தாக்கியவரிடத்தில் அது சாவின் அடையாளமாகாது. கூட்டம் எப்போதும் அழுகுரல் வரும் பக்கம்தான் ஓடும். அந்தக் கணத்தில் ஒரே ஒருவர் நிதானித்து, சப்தமில்லாத பக்கம் போக வேண்டும்.

கதறுகிறவர்களின் நிலையும் பார்க்கத் திகிலூட்டும். கால்கள் சில்லிட்டு, நிறம் வெளுத்தோ நீலித்தோ, உணர்ச்சியற்று மரத்துப்போயிருக்கும். ரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்வதால் வரும் இந்த முடக்கம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானே விலகிவிடும் என்று சொல்லித் தேற்றலாம். முதுகிலோ தோளிலோ பெரணி இலையை ஒற்றி எடுத்தாற்போன்ற செந்நிறக் கோலம் தோன்றுவதுண்டு. அது தீக்காயமன்று, ஓரிரு நாளில் மறையும். செவிப்பறை கிழிந்து ரத்தம் கசியலாம். மயங்கியிருந்து மூச்சு மட்டும் ஒழுங்காக விடுகிறவரை ஒருக்களித்துக் கிடத்தி, உண்ணவும் பருகவும் ஏதும் தராமல், நனைந்த உடையின்மேல் போர்த்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கிய 108 வண்டியும், புதுக்கோட்டையில் 2017-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இன்று நமக்கு உண்டு. ஆயினும் பிராணவாயு இன்றி மூளை தாங்கும் காலம் நான்கைந்து நிமிஷமே ஆகையால், வண்டி வரும்வரை அழுத்துவதும் ஊதுவதும் இடையறாது நடக்க வேண்டும். நன்றாக எழுந்து நடப்பவரும் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் இருதயத்தைப் பரிசோதித்துக்கொள்வதே நலம். மாதக்கணக்கில் தூக்கமின்மை, மறதி, தலைவலி, காரணமற்ற சிடுசிடுப்பு ஆகியவை தொடரக்கூடும். கண்ணில் புரை விழுவதும் உண்டு. வீட்டார் இதைச் சோம்பலென்றும் பேய்க்கோளாறென்றும் பழிப்பது பெருங்கொடுமை. அது நரம்புக்கு நேர்ந்த காயம்.

விழாமல் தப்புவதைப் பற்றிச் சொல்ல வேண்டியது சிறிதே, கடைப்பிடிப்பதுதான் அரிது. இடி முழக்கம் காதில் விழுந்துவிட்டதென்றால், வானம் தலைக்கு மேல் தெளிந்திருந்தாலும் மின்னலின் எல்லைக்குள் நாம் இருக்கிறோம் என்பதே பொருள். அதன் கை பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலும் நீளும். அப்போது போக வேண்டிய இடம் கான்கிரீட் கட்டடம்; பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், கூட்டுறவுச் சங்கக் கட்டடம் எதுவாயினும் சரி. கண்ணாடிகளை ஏற்றிவிட்ட பேருந்தும் காரும் அவ்வாறே காக்கும். கூரைக் கொட்டகையும், மூன்று பக்கம் திறந்த நிழற்குடையும், மோட்டார் அறை ஓரமும் மழையைத் தடுக்குமே தவிர மின்னலைத் தடுக்கா. இருசக்கர வண்டியும் திறந்த டிராக்டரும் காவலாகா. கட்டடத்துக்குள் போனபின்னும் குழாயடி, ஜன்னல் கம்பி, மின் இணைப்பில் இருக்கும் கருவிகள் இவற்றை விட்டு விலகியிருக்க வேண்டும். கைப்பேசி மின்னலை இழுக்காது. மின்னேற்றிக்கொண்டே பேசுவதுதான் ஆபத்து.

மரத்தடி எக்காரணம் கொண்டும் ஆகாது. ஒடிசாவிலும் வங்கதேசத்திலும் மின்னலை வாங்கிக்கொள்ளட்டும் என்று வயலோரங்களில் அரசே பனை நட்டிருக்கிறது; நம் மாவட்டத்துக் கண்மாய்க் கரைப் பனைகளும் அவ்வாறு எத்தனையோ இடிகளை வாங்கிக் கருகி நிற்கின்றன. அது வாங்குகிறது என்பதனாலேயே அதன் அருகில் நிற்கக் கூடாது. கோபுரக் கலசமும் அதிலிட்ட வரகும் ஊரை இடியிலிருந்து காக்கும் என்று பலர் சொல்லக் கேட்கிறோம். கலசத்திலிருந்து தரைக்குள் வரை அறுபடாமல் இறங்கும் தடித்த செம்புப் பட்டை இருந்தாலன்றி அது காவலாகாது. இடிதாங்கியைக் கண்டுபிடித்த பிராங்க்ளின் காலந்தொட்டு அதன் உயிர் உச்சிக் கூரில் மட்டும் இருந்ததில்லை, மண்ணுக்குள் இறங்கும் பட்டையிலும் இருந்து வந்திருக்கிறது. நார்த்தாமலை, சித்தன்னவாசல், திருமயம் போன்ற மொட்டைப் பாறைகளில் ஏறியிருப்போர் முதல் முழக்கத்திலேயே இறங்கிவிட வேண்டும். தைலமரக் காட்டுக்குள் ஆட்டோடு அகப்பட்டவர் தனித்து ஓங்கிய மரத்தை விட்டு விலகி, ஆட்டு மந்தையை விட்டும் விலகி நிற்க வேண்டும். கட்டடம் எட்டாத வெட்டவெளியில் மாட்டிக்கொண்ட கூட்டம் ஒன்றாகச் சேராமல் ஐம்பதடிக்கு ஒருவராகப் பிரிந்து, மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, கட்டடத்தை நோக்கி விரைய வேண்டும். அதுவும் இயலாதபோது குதிகால்களைச் சேர்த்துவைத்துக் குந்தி, தலையைத் தாழ்த்திக் காதைப் பொத்திக்கொள்ளலாம். படுக்க மட்டும் கூடாது. இது ஆபத்தைச் சற்றே குறைக்கும், நீக்கிவிடாது.

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் வெளியிட்டுள்ள தாமினி என்னும் கைப்பேசிச் செயலி, சுற்றிலும் இருபது முதல் நாற்பது கிலோமீட்டருக்குள் மின்னல் நெருங்குவதை முன்கூட்டிக் காட்டுகிறது. வேலைக்கு ஆள் திரட்டிச் செல்லும் கொத்துக்காரரின் கைப்பேசியிலும் நிலச் சொந்தக்காரரின் கைப்பேசியிலும் அது இருக்க வேண்டும். ஆனால் செயலி எச்சரித்தாலும், பாத்தி முடியாமல் கரையேறினால் கூலி குறையும் என்ற அச்சம் இருக்கும்வரை எந்தப் பெண்ணும் நிமிர்ந்து நடக்கத் துணியமாட்டாள். ஆகவே முதல் இடிக்கு வேலையை நிறுத்துவதென்றும், நிறுத்திய நேரத்துக்குக் கூலியில் பிடித்தம் இல்லையென்றும், கடைசி முழக்கம் கேட்டு முப்பது நிமிஷம் கழியாமல் கொல்லைக்குத் திரும்புவதில்லையென்றும், பறிப்பு தொடங்கும் காலையிலேயே இரு தரத்தாரும் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.